ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: ஐந்து பதிப்பில் எதைக் கற்றுக்கொள்வது?

சுடர்

வணக்கம். காப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை கேம்களின் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு இப்போதுதான் வாங்கினேன். உள்ளே மொத்தம் 12 கேம்கள். அதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மட்டுமே ஐந்து இடத்தில் இருக்கிறது: வேர்ல்டு வாரியர், சாம்பியன் எடிஷன், ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர், சூப்பர் டர்போ.

நான் ஆறாம் பாகம் வழியாக இந்தப் பக்கம் வந்தவள். அதில் எப்போதும் மல்யுத்தக்காரர் சாங்கீஃப்தான். அதனால் இங்கேயும் அவரையே எடுத்துக்கொண்டு ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடிப் பார்த்தேன். பார்க்க ஒரே ஆள்தான், ஆனால் கையில் எடுத்தால் ஐந்து வேறு வேறு ஆட்கள். வேர்ல்டு வாரியரில் தள்ளி நின்றே ஃபயர்பால் (நெருப்புப் பந்து) விடுகிற ஆளிடம் நெருங்கவே முடியவில்லை. சூப்பர் டர்போவில் பச்சையாக ஒரு கை வீசி, வருகிற ஃபயர்பாலை அழித்துக்கொண்டே முன்னால் போகிறார். ஹைப்பர் ஃபைட்டிங் ஆடிவிட்டு உடனே சூப்பர் ஆடினால் சேற்றில் நடப்பது போல இருக்கிறது. இது என் பிரமையா?

என் கேள்விகள் இரண்டு. மூன்றே வருஷத்தில் ஒரே கேமை ஏன் ஐந்து தடவை வெளியிட்டார்கள்? வெறும் காசு பார்க்கிற வேலையா? அடுத்தது, ஒன்றை மட்டும் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் எது? சூப்பர் டர்போ என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அதில் கம்ப்யூட்டர் முதல் ஆட்டத்திலேயே என்னை மூச்சுவிட விடவில்லை.

---

முழுச்சுற்று

சூப்பர் மந்தமாகத் தெரிவது பிரமை இல்லை, சுடர். 1993இல் அது வந்தபோது ஆடியவர்கள் சொன்ன முதல் புகாரே அதுதான். அந்தப் புகார்தான் அடுத்த வருஷம் சூப்பர் டர்போவில் வேகமாகத் திரும்பி வந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. காசுக்காகவும் வெளியிட்டார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஐந்தையும் வரிசையாக வைத்து ஆடினால், ஆடியவர்கள் ஒன்று கேட்க, செய்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி கிளம்ப, அப்படியே போயிருப்பது தெரியும். இதை உணர ஒரே காரெக்டரோடு ஐந்தையும் கடப்பதுதான் நல்ல வழி. நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் செய்திருக்கிறீர்கள். நானும் சாங்கீஃப் ஆள்தான், அதனால் அவரை வைத்தே சொல்கிறேன்.

1991, வேர்ல்டு வாரியர். ஆடக் கிடைப்பவர்கள் எட்டு பேர். சாங்கீஃபிடம் இரண்டே ஆயுதம்: ஸ்டிக்கை முழுவட்டம் சுற்றிக் குத்து பட்டன் தட்டினால் ஸ்பின்னிங் பைல்டிரைவர், மூன்று குத்தும் சேர்த்துத் தட்டினால் இரண்டு கையையும் நீட்டிச் சுழல்கிற லாரியட். லாரியட்டில் ஃபயர்பாலுக்குள் புகுந்து வரலாம், ஆனால் அந்தச் சுழற்சி முடிவதற்குள் எதிராளி அடுத்ததற்குத் தயாராகிவிடுவார். கைல் தள்ளி நின்றே எறிகிற சோனிக் பூமுக்கும் தால்சிமின் நீண்ட கைக்கும் நடுவில் வழி தேடுவதே முக்கால்வாசி ஆட்டம். அந்தப் பதிப்பில் கைலும் தால்சிமும்தான் உச்சியில் இருந்தார்கள், அதனால் நீங்கள் நெருங்க முடியாமல் போனதில் வியப்பே இல்லை.

இன்னொன்று: அதில் இரண்டு பேரும் ஒரே காரெக்டரை எடுக்க முடியாது. நீங்கள் ரியூ என்றால் எதிரில் இருப்பவர் கென்னுக்குத்தான் போக வேண்டும். கடைசியில் வருகிற பால்ராக், வேகா, சகாத், பைசன் நாலு பேரும் கம்ப்யூட்டருக்கு மட்டும். எல்லோரும் கேட்டது இந்த இரண்டையும்தான். 1992இல் சாம்பியன் எடிஷன் இரண்டையும் கொடுத்தது. நாலு பேரும் கைக்கு வந்தார்கள், ஒரே ஆள் ஒரே ஆளோடு மோதலாம், அடையாளம் தெரிய உடை நிறம் மட்டும் மாறும். கிட்டத்தட்ட ஒரே அச்சாக இருந்த ரியூவும் கென்னும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கியதும் இங்கேதான். சாங்கீஃபும் சாங்கீஃபும் மோதுகிற ஆட்டத்தை ஒரு தடவையாவது ஆடிப் பாருங்கள். ஃபயர்பால் கிடையாது, ஓடி ஒளிய இடம் கிடையாது. பிடி விழுகிற தூரத்தின் விளிம்பில் இருவரும் அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அவர் மாட்டுவார். பிடித்துத் தூக்கி எறிகிற கிராப்ளர் வகை ஆளை ஆடுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் பைசன் கைக்கு வந்ததும் அவருடைய சைக்கோ கிரஷரும் கத்தரி உதையும் மற்றவர்களைச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டன. அடுத்த புகார் தயார்.

அதற்குள் காப்காமுக்குத் தெரியாமல் இன்னொன்று நடந்தது. சாம்பியன் எடிஷனின் சிப்பைத் திருத்திக் கள்ளப் பதிப்புகள் கிளம்பின. அவற்றில் ரெயின்போ எடிஷன் ரொம்பப் பேர்போனது. காற்றில் இருந்தபடியே ஃபயர்பால், எதிராளியைத் துரத்துகிற ஃபயர்பால், ஆட்டத்தின் நடுவிலேயே ஆள் மாறுவது என்று ஒரே கலவரம். சமநிலை என்று ஒன்றும் கிடையாது, ஆனால் வேகமாக இருந்தது, ஜனங்கள் அதில் காசு போட்டார்கள். அதைப் பார்த்து, வேகமும் புது அடிகளும் கொண்ட முறையான பதிப்பு வேண்டும் என்று காப்காமின் அமெரிக்கக் கிளையில் இருந்த ஜேம்ஸ் கோடார்ட் முன்னால் நின்றார். 1992 டிசம்பரில் வந்த ஹைப்பர் ஃபைட்டிங் அப்படிப் பிறந்ததுதான். சுன்-லிக்கு ஃபயர்பால், தால்சிமுக்கு மறைந்து வேறு இடத்தில் தோன்றும் வித்தை, ரியூவுக்கும் கென்னுக்கும் காற்றிலேயே சுழல் உதை. நம் ஆளுக்கு உதை பட்டனில் சீக்கிரம் முடிகிற இன்னொரு லாரியட். சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் சுற்றி முடித்துவிட்டு வெறுமனே நிற்கிற நேரம் குறைந்ததால், ஃபயர்பால் வழியாகப் போய்ச் சேரும்போது எதிராளிக்கு முன்னால் நம் கை தயாராக இருக்கும். ஒரு அடி கூடுதலாகக் கொடுத்தே அவர் ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் எந்திரத்தின் சாம்பியன் எடிஷன் போர்டில், நிரல் இருக்கிற ரோம் சிப்களை மாற்றினால் அதுவே ஹைப்பர் ஃபைட்டிங். கள்ளப் பதிப்புக்காரர்களுக்கும் அதே வசதிதான் கைகொடுத்தது. அதனால்தான் அடுத்த சூப்பர், சிபிஎஸ்-2 என்ற புதுப் போர்டில் பூட்டுப் போட்டு வந்தது. நான் ஆர்கேட் போர்டு பழுதுபார்க்கிறவன், இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். சிபிஎஸ்-2இல் கேமின் நிரல் சங்கேதத்தில் எழுதியிருக்கும். அதைத் திறக்கிற சாவி ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கும், அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று. பேட்டரி தீர்ந்தால் சாவி போச்சு. சிப்பில் நிரல் அப்படியே இருக்கும், திரையில் ஒரே நிறம்தான் வரும். பேட்டரி மாற்றும்போது, பழையதன் கால்களில் ஈயத்தை உருக்கிக் கழற்றிய நொடியிலிருந்து, போர்டில் இருக்கும் கெபாசிட்டர் தாங்குகிற கொஞ்ச நேரத்துக்குள் புதியதை வைத்துப் பற்றவைத்தாக வேண்டும். புதுப் பேட்டரியின் மின்னழுத்தத்தை முன்கூட்டியே அளந்து, கால்களை வளைத்து, சூட்டுக்கோலைக் காயவைத்த பிறகுதான் பழையதில் கை வைப்பேன். இறந்த போர்டுக்குச் சாவியைத் திரும்ப எழுதும் வழியைப் பிற்பாடு ஆர்வலர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ சூப்பர் போர்டுகள் அலமாரியிலேயே செத்துப்போயின.

சரி, விளையாட்டுக்கு வருவோம். சூப்பரில் கேமி, ஃபெய் லாங், டி. ஹாக், டீ ஜே என்று நாலு பேர் புதிது. படம், ஒலி எல்லாம் புதிதாக வரைந்து, புதிதாகப் பதிந்து, எத்தனை அடி சேர்ந்து விழுந்தது என்று திரையில் எண்ணிக் காட்டினார்கள். கென் மேலே எழும்பிக் குத்துகிற ஷோர்யூகென், பலமாகப் போட்டால் தீப்பற்றி எரிந்தது. சாங்கீஃப் தள்ளி நின்றே ஓடிப்போய்ப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இவ்வளவும் கொடுத்துவிட்டு வேகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஹைப்பர் ஃபைட்டிங்கில் கை பழகியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

1994, சூப்பர் டர்போ. வேகம் திரும்பியது. அடித்து நிரப்புகிற சூப்பர் மீட்டர் வந்தது, நிரம்பினால் சூப்பர் காம்போ என்ற பெரிய அடி போடலாம். காற்றில் தூக்கியவரைத் தொடர்ந்து அடிக்கலாம். சாங்கீஃபுக்குப் பச்சைக் கை வந்தது. அப்புறம், என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: தூக்கி எறியப்பட்டவர் சரியான நொடியில் பட்டன் தட்டினால் காலில் இறங்கிப் பாதிச் சேதத்தோடு தப்பிக்கலாம். லேசான குத்து ஒன்றைத் தடுக்க வைத்து, அடுத்த கணமே தூக்கி எறிவது என்று ஒரு பழக்கம் முதல் பதிப்பிலிருந்தே இருந்தது. அதை வைத்து நடந்த வாய்ச்சண்டை கொஞ்சமா? அந்தச் சண்டைக்கு இது தீர்ப்பு. ஆனால் முழுவட்டம் சுற்றிப் போடுகிற பைல்டிரைவருக்கு அந்த விடுதலை செல்லாது. கஷ்டப்பட்டு நெருங்கி வந்தவனுக்கு அந்த மரியாதையை விட்டுவைத்தார்கள். சரியான முடிவு.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு: சூப்பர் டர்போ. சாங்கீஃப் முழு ஆளாக இருப்பது அதில்தான். ஃபயர்பாலுக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அதற்கும் நேரம் பார்த்துக் கை நீட்ட வேண்டும். கம்ப்யூட்டரோடு ஆடிக் கற்காதீர்கள். பின்னால் அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால்தான் நமக்கு சோனிக் பூம் வரும், கம்ப்யூட்டர் கைலுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. மனிதர் ஒருவரோடும் நீங்கள் அப்படி ஆடப் போவதில்லை. உங்கள் தொகுப்பில் நேரடியாக இணையத்தில் ஆட முடிகிற நாலு கேம்களில் சூப்பர் டர்போவும் ஒன்று. அங்கே போங்கள்.

---

கீழ்க்குத்து

முழுச்சுற்று அண்ணா சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் சம்மதம். முடிவில் மட்டும் இல்லை.

சுடர், நீங்கள் முதலில் கற்க வேண்டியது ஹைப்பர் ஃபைட்டிங். அந்த நாலில் அதுவும் இருக்கிறது, இணையத்தில் ஆள் கிடைப்பார்கள். காரணம் இதுதான்: அதில் மீட்டர் கிடையாது. திரையில் இரண்டு உயிர்க்கோடு, நடுவில் கடிகாரம், அவ்வளவுதான். சூப்பர் டர்போவில் எதிராளியின் மீட்டர் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றின் கணக்கே மாறிவிடும். நீங்கள் செய்து வந்தது எல்லாம் சரியா தப்பா என்று தெரிவதற்குள் ஒரு சூப்பர் காம்போ கதையை முடித்துவிடும். ஹைப்பர் ஃபைட்டிங்கில் தோற்றால், எந்த இடத்தில் தோற்றோம் என்று விரலை வைத்துக் காட்ட முடியும். இந்த அடிக்கு முன்னால் குதித்தேன், இந்தத் தூரத்தில் நின்றேன், அதனால் வாங்கினேன். புதிதாக வருபவருக்கு அந்தத் தெளிவு ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயம். சூப்பர் டர்போ தன்னுள்ளேயே இன்னொரு பதிப்பை ஒளித்து வைத்திருக்கிறது. ஒரு குறியீடு போட்டால் அதே காரெக்டரின் சூப்பர் காலத்து வடிவம் வரும், "பழைய" சகாத், "பழைய" கென் என்று அதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு சூப்பர் காம்போவும் இல்லை, எறிந்தால் தப்பிக்கிற வசதியும் இல்லை. ஆனாலும் பழைய சகாத் டைகர் ஷாட்டை விட்டுவிட்டு மீள்கிற வேகம் அப்படிப்பட்டது. ஜப்பானில் ஆடுகிறவர்கள் அவரை எடுப்பதில்லை என்று தங்களுக்குள் ஒரு மரியாதை வைத்துக்கொண்டார்கள். மற்ற இடங்களில் எடுப்பார்கள். ஒளிந்திருக்கிற அகுமாவோ டோர்னமெண்டில் எங்கும் தடை. காற்றிலிருந்து அவர் விடுகிற ஃபயர்பாலுக்குப் பாதிப் பேரிடம் பதிலே இல்லை. பழைய சகாத்திடம் முதல் வாரமே மாட்டினால், சாங்கீஃப் ஆடுகிற ஆள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் சொல்கிறேன், ஹைப்பர் ஃபைட்டிங்கில் தூரம் பழகிவிட்டு அங்கே போங்கள்.

---

ஆறு பட்டன்

காசு பார்க்கிற வேலையா என்று கேட்டீர்கள். காப்காம் தானே வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். வீட்டு கன்சோலான சூப்பர் நின்டெண்டோவில் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விற்றது 63 லட்சம். அடுத்த வருஷம் டர்போ, அதாவது ஹைப்பர் ஃபைட்டிங்கின் வீட்டு வடிவம், 41 லட்சம். அதற்கடுத்து சூப்பர் 20 லட்சம். ஒவ்வொரு தடவையும் முழுவிலை கொடுத்து முழு கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டியிருந்தது, வாங்குகிறவர்கள் பொறுமை குறைந்துகொண்டே வந்தது எண்ணிலேயே தெரிகிறது.

சூப்பர் டர்போ சூப்பர் நின்டெண்டோவுக்கு வரவே இல்லை. 3டிஓ என்ற கன்சோலுக்கு வந்தது, அதை வைத்திருந்தவர்கள் குறைவு. வீட்டில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாதிருந்த அந்தப் பதிப்பைத்தான் ஆர்கேடிலேயே ஆடி வளர்த்து, இத்தனை வருஷம் டோர்னமெண்டில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். விற்பனையைப் பார்த்து எது நல்ல பதிப்பு என்று முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

நித்யா

நான் நான்காம் பாகத்து ஆள். எங்கள் கதையும் இதேதான், ஆனால் முடிவு வேறு.

2009இல் கன்சோலுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்தது. 2010இல் சூப்பர். 2011இல் ஆர்கேட் எடிஷன். அதில் யுன், யாங், ஃபெய் லாங் மூன்று பேரும் மற்றவர்களை நசுக்கினார்கள், அதே வருஷ இறுதியில் 2012 பதிப்பு என்ற பெயரில் இலவச அப்டேட் வந்து அவர்களை இறக்கியது. 2014இல் அல்ட்ரா, மொத்தம் 44 பேர். அல்ட்ராவில் செய்த ஒரு காரியத்தை நான் இன்றைக்கும் கொண்டாடுகிறேன்: எடிஷன் செலக்ட். ஆளைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஆளின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று அடுத்துக் கேட்கும். முதல் பதிப்பில் கொடிகட்டிப் பறந்த சகாத்தும் ஆர்கேட் எடிஷன் யுன்னும் நேருக்கு நேர் மோதலாம். டோர்னமெண்டில் கிடையாது, நண்பர்களுக்குள் ஆடத்தான். ஆனால் "அந்தக் காலத்து சகாத் எப்படி இருந்தார்" என்று யாராவது கேட்டால் கதை சொல்ல வேண்டியதில்லை, எடுத்துக் கையில் கொடுக்கலாம்.

ஐந்தாம் பாகத்தில் அது இல்லை. 2016இல் வந்தது, 2018இல் ஆர்கேட் எடிஷன், 2020இல் சாம்பியன் எடிஷன். பழையதை வைத்திருந்தவர்களுக்கு அமைப்பு மாற்றங்கள் எல்லாம் இலவசமாகவே வந்து சேர்ந்தன, அந்த நியாயத்தைக் குறை சொல்லமாட்டேன். 2011இல் மார்வெல் வெர்சஸ் காப்காம் 3 வந்து ஒன்பதே மாதத்தில் அல்டிமேட் என்று இன்னொரு டிஸ்க் வந்தபோது எழுந்த கோபத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் முதல் சீசனில் நான் உட்கார்ந்து படித்த ஆட்டம் இப்போது எங்கே? டிஸ்க்கில் இருக்கிற முதல் வடிவத்தை இணையம் இல்லாமல் வேண்டுமானால் ஓட்டலாம். நடுவில் வந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று எழுதி அழிந்துவிட்டது.

---

முழுச்சுற்று

நித்யா சொன்னதுதான் எனக்கு ரொம்ப உறுத்துவது, அதனால் திரும்ப வருகிறேன்.

ஐந்து முறை காசு வாங்கினார்கள், சரி. ஆனால் ஐந்தும் ஐந்து பொருளாக இருந்தன. சாம்பியன் எடிஷன் வந்ததற்காக வேர்ல்டு வாரியர் போர்டு மறைந்துபோகவில்லை. அதில் கைலுக்கு இருந்த விசித்திரங்கள், எட்ட நின்றே எதிராளியைத் தூக்கி எறிவது, எதிராளியை விலங்கு மாட்டியது போலத் தன்னோடு ஒட்டிக்கொள்ள வைப்பது, எல்லாம் இன்னும் அந்த நிரலில் அப்படியே கிடக்கின்றன. சுடர் வாங்கிய தொகுப்பில் அவற்றை எடுத்துப் பார்க்கலாம். எதிராளி தப்பிக்க முடியாதபடி அடிகள் தொடர்ந்து விழுகிற காம்போவே இப்படி நழுவி வந்ததுதான். ஒரு அடி முடிவதற்குள் அடுத்தது விழ முடிகிறது என்பதை, கார் உடைக்கிற போனஸ் கட்டத்தைச் சோதிக்கும்போது தயாரிப்பாளர் ஃபுனாமிஸு கவனித்தார், நேரம் பிடித்துச் செய்வது கஷ்டம்தானே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு இரவோடு இரவாக ஒரு பேட்ச் போட முடிந்திருந்தால்? காம்போ என்ற ஒன்றே இந்த வகை விளையாட்டில் வராமல் போயிருக்கலாம்.

புகார் வந்து, அதை ஆறப்போட்டு, ஆடுகிறவர்கள் தாங்களே அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க நேரம் இருந்தது அப்போது. இன்றைக்கு ஒரு காரெக்டர் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், அதற்கு எதிராக ஆடப் பழகுவதற்குள் திருத்தம் வந்துவிடுகிறது. திருத்தம் தப்பு என்று நான் சொல்லவில்லை. முந்தையதையும் மெனுவில் ஒரு ஓரத்தில் விட்டுவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அல்ட்ராவில் செய்ய முடிந்திருக்கிறது. அதற்கும் முன்னால் 2003இலேயே ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்று ஒன்று வந்தது, ஐந்து பதிப்பிலிருந்தும் ஆட்களை எடுத்து மோதவிடலாம். வேர்ல்டு வாரியர் கைலை எதிரில் வைத்து சூப்பர் டர்போ சாங்கீஃபை எடுத்து ஆடிப் பார்த்தால், மூன்று வருஷத்தில் என்ன நடந்தது என்று இரண்டே நிமிஷத்தில் புரிந்துவிடும்.

கீழ்க்குத்து சொன்ன ஹைப்பர் ஃபைட்டிங் யோசனையை நான் மறுக்கமாட்டேன். தூரம் பழக நல்ல இடம். பழைய சகாத்தைப் பார்த்து ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அவருக்கும் பைல்டிரைவரிலிருந்து விடுதலை கிடையாது. ஒரு தடவை கிட்டே போய்விட்டால் போதும்.

---

சுடர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் ஹைப்பர் ஃபைட்டிங், கை பழகியதும் சூப்பர் டர்போ என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. முழுவட்டம் சுற்றும்போது பாதி நேரம் சாங்கீஃப் குதித்துவிடுகிறார், பிடி விழுவதில்லை. ஆறாம் பாகத்தில் இவ்வளவு தொல்லை இல்லையே? ஹைப்பர் ஃபைட்டிங்கில் இன்னும் மோசம்.

---

முழுச்சுற்று

மேல் திசையைத் தொட்டதும் குதிக்கச் சொன்னதாக கேம் எடுத்துக்கொள்ளும். கால் தரையை விட்டு எழுவதற்கு முன்னால் ஒரு நொடித்துணுக்கு இருக்கிறது, அதற்குள் குத்து பட்டன் விழுந்தாக வேண்டும். ஹைப்பர் ஃபைட்டிங்கில் வேகம் எப்படி வருகிறது என்றால், நடுநடுவே சில ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) திரையில் காட்டாமல் தாண்டிவிடும். அதனால் அந்த இடைவெளி உங்கள் கைக்கு இன்னும் குறுகலாகத் தெரியும்.

நின்ற இடத்தில் சுற்றப் பழகாதீர்கள். சாங்கீஃப் வேறு வேலையில் இருக்கும்போது சுற்றுங்கள். எதிராளிக்கு நேரே குதியுங்கள், எந்த அடியும் வேண்டாம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே முன், கீழ், பின், மேல் என்று வட்டத்தைச் சுற்றி முடித்து, கால் தரையில் பட்ட கணம் குத்து பட்டன். காற்றில் இருப்பவர் மறுபடி குதிக்க முடியாதே, அதனால் மேல் திசை உங்களைக் காட்டிக்கொடுக்காது. அடி வரும் என்று நினைத்து எதிராளி நின்றபடி தடுத்துக்கொண்டிருப்பார், தடுப்பவரைத்தான் பிடி பிடிக்கும். இது கைக்கு வந்ததும் இரண்டாவது: குனிந்து லேசான குத்து ஒன்று போடுங்கள், அந்தக் கை நீண்டு திரும்புகிற நேரத்துக்குள் வட்டம். சூப்பர் டர்போவில் பச்சைக் கையை லேசான பட்டனில் போட்டால் எதிராளியின் மார்புக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தும், அங்கேயும் இதே கதைதான்.

ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வட்டம் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நாலு திசையும் பட்டால் போதும். இரண்டு பக்கமிருந்தும் பழகுங்கள், வலப்பக்கம் நிற்கும்போது கை தடுமாறும். சாங்கீஃபின் சூப்பர் காம்போவான ஃபைனல் அட்டாமிக் பஸ்டர் கேட்டால் அதற்கு இரண்டு முழுவட்டம். அதையும் குதித்தபடியேதான் போடுவார்கள். முதலில் ஒரு வட்டம் வரட்டும். வந்ததும் எழுதுங்கள், இணையத்தில் ஒரு ஆட்டம் ஆடுவோம். ஹைப்பர் ஃபைட்டிங்கிலேயே. சாங்கீஃபும் சாங்கீஃபும்.